நகரம், மண்டபம், சபை

பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் "டவுனுக்குப் போயிட்டு வாறேன்" என்றால் கடைத்தெருவுக்கு இறங்குவது என்று பொருள். அதே சொல்லோடு 'ஹோல்' சேர்ந்துவிட்டால் நினைவு கொழும்புக்குப் போய்விடும்: விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரே வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்கும் டவுன் ஹோல்.

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. புறக்கோட்டையில் 1873இல் அதற்கொரு மண்டபம் எழுந்தது. இடம் போதாமல் போகவே, 1924இல் அடிக்கல் நாட்டி 1928இல் இன்றைய கட்டடத்தைத் திறந்தார்கள். பக்கத்துச் சந்திக்குத் தேயிலை வியாபாரி லிப்டனின் பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. மலைநாட்டுத் தேயிலை கொழும்பில்தான் கப்பலேறியது. அந்த நகரம் அதனாலும் பெருத்தது.

எழுத்துத் தமிழில் டவுன் ஹோல் 'நகர மண்டபம்' ஆகிறது. வாதம் நடக்கும் 'பட்டிமண்டபம்' மணிமேகலையிலேயே உண்டு. சோழர் கல்வெட்டுகளில் 'நகரம்' என்பது கட்டடங்கள் நிறைந்த இடமல்ல, வணிகர்கள் கூடி ஆண்ட மன்றம். 'சபை' பிராமண ஊர்களின் மன்றம்.

அப்படியொரு சபையின் விதிகள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்தவை; ஆண்டு 919, 921. உறுப்பினரைத் தேர, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஏதுமறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் சபையில் இடமில்லை. வியந்து பாராட்ட வேண்டிய ஒழுங்கு இது. ஆனால் அதே சுவர் இன்னொன்றும் கேட்கிறது: கால் வேலி அளவுக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு.

மலையகத்தில் படிக்கும்போது இந்த நிபந்தனை உறுத்துகிறது.

லயக் காம்பிராவில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களிடம் காணி உறுதி இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமையும் வாக்கும் திரும்பக் கிடைத்த பின்னும், 1987இன் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு சபையின் பணம் தோட்டக் குடியிருப்புக்குப் போகத் தடையாக நின்றது. வாக்குப் போட்டுச் சபையை அமைத்தவர்களின் பாதையையே சபையால் செப்பனிட முடியவில்லை. இது அநீதி, வேறு பெயர் இதற்கில்லை. அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது.

பூண்டுலோயா கொத்மலை பிரதேச சபைக்கு உட்பட்டது. தோட்டத்துப் பாதைக்கும் குடிநீருக்கும் துரையிடம் மட்டும் கேட்டுப் பழகியவர்கள், இனிச் சபைக்கும் மனு எழுத வேண்டும். உங்கள் உறுப்பினர் யாரென்று விசாரித்து, இந்த மாதமே எழுதுங்கள்.