புதுவெளிக் கோபுரம்

கோயிலை மனத்துக்குள் கட்டுவது எங்கள் ஊருக்குப் புதிதன்று. பூசலார் நாயனார் கையில் பொருளின்றி நெஞ்சிலேயே கோயில் எழுப்பியது இந்தத் திருநின்றவூரில்தான். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவன் கனவில் இறைவன் தோன்றி, குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொன்னதைப் பெரியபுராணம் கூறும். அப்பல்லவனை இராசசிம்மன் என்பர் ஆய்வாளர். அவனே சீனர்பொருட்டு ஒரு பௌத்தக் கோயிலும் கட்டி, 720இல் சீனப் பேரரசரிடம் அதற்குப் பெயர் கேட்டதாகச் சீன நூற்குறிப்பு உண்டு. அது நாகப்பட்டினத்தில் இருந்திருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். அந்த 'இருக்கலாம்' என்னை நாகைக்கு இழுத்துச் சென்றது.

வெளிப்பாளையம் போக ஆட்டோக்காரரிடம் பேசினேன். "புத்தர் கோயிலா? அப்படி எதுவும் இல்லீங்களே சார். நாகூரா, வேளாங்கண்ணியா?" என்றார். அவர்மேல் தவறில்லை. பார்ப்பதற்கு அங்கு ஒன்றும் எஞ்சவில்லை.

ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் இங்கு எடுத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் 1006 அளவில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். ஆண்டு வருவாய் 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல். பிடி யானையை நடத்தி எல்லை குறித்தனர். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை என்பதை நாம் ஏனோ சேர்த்து நினைப்பதில்லை. இந்த விவரங்களைத் தாங்கிய 21 செப்பேடுகள் டச்சுக்காரர் காலத்தில் கடல் கடந்து, 1862இல் லைடன் பல்கலைக்கழகத்தை அடைந்தன.

நாகைக்கு வடக்கே நின்ற மூன்றடுக்குச் செங்கற் கோபுரத்தை ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியர் சீனக் கோயில் என்றனர். மாலுமிகளுக்கு அது கரையடையாளம். 1846இல் வால்டர் எலியட் பார்த்தபோது, சாந்தில்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கற்சுவர்கள் நின்றிருந்தன. இயேசு சபையார் தம் கல்லூரிக் கட்டடத்துக்காக அதை இடிக்க 1859இல் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது, 1867இல் கிடைத்தது. பழுதுபார்க்கும் யோசனையும் எழுந்ததுண்டு. ஆயிரம் ஆண்டுச் செங்கல் மலிவாகக் கிடைக்கும்போது யார் பழுதுபார்ப்பார்?

அது சூளாமணி விகாரம்தானா, சீனர் கோயிலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. சம்பந்தரோடு தமிழகத்தில் பௌத்தம் மங்கிப்போயிற்று என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரனார் பதினோராம் நூற்றாண்டினர், பௌத்தர் என்பதையும் அதே வகுப்பில்தான் சொன்னேன். இரண்டும் இடிக்கின்றனவே என்று ஒரு மாணவரும் கேட்டதில்லை; நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

1856 முதல் வெளிப்பாளையத்திலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. சோழர் காலத்துக்குப் பிற்பட்டவையும் அவற்றுள் உண்டு. பர்மாவின் 1476ஆம் ஆண்டுக் கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து தப்பிய பிக்குகள் நாகப்பட்டினம் வந்து, ஒரு பழம்பள்ளி இருந்த இடத்தையும், சீன அரசருக்காக அமைத்த குகையிலிருந்த புத்தர் உருவையும் வணங்கிச் சென்றதைச் சொல்கிறது. எனக்கு ஐந்நூறு ஆண்டு முன்பே வந்த அவர்களுக்கும் பள்ளியின் இடம்தான் கிடைத்தது. ஆனால் வணங்க ஓர் உருவேனும் இருந்தது.

திரும்பியதும் எழும்பூர் அருங்காட்சியகம் சென்றேன். மின்ரயிலேறினால் வந்துவிடும் தொலைவு; எத்தனையோ முறை மாணவரோடு போயிருக்கிறேன். நடராசரைக் காட்டுவேன், நேரமாகிவிட்டது என்று வெளியே அழைத்து வந்துவிடுவேன். இம்முறை நாகைப் புத்தர்முன் நின்றேன். சாணளவுத் திருமேனி; முடிமேல் சுடர்.