பாலைவன அரசு தரும் பாடம்

புளியங்குடியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் சவூதி அரேபியாவின் பெயரை அறியாதார் அரியர். இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்ற வேறுபாடின்றி நம் இளைஞர் அங்குப் பிழைக்கச் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணம் இங்கே வீடாகிறது, தங்கையின் திருமணமாகிறது. திரும்பி வருவோர் அந்நாட்டின் அகன்ற சாலைகளையும், வானளாவிய மாளிகைகளையும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளையும் வருணிக்கக் கேட்டு வியக்கிறோம். வியப்பதோடு நின்றுவிடலாமா? எந்திரம் புகுந்த அந்நாட்டிலே எண்ணமும் புகுந்ததா என்று கேட்க வேண்டாமா?

வரலாற்றைப் புரட்டுவோம். 1744-இல் திரிய்யா என்ற சிற்றூரின் தலைவர் முகம்மது இப்னு சவூதும், சமய போதகர் முகம்மது இப்னு அப்துல் வஹாபும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஆட்சி ஒருவர் குடும்பத்திற்கு. சமயத் தலைமை மற்றவர் வழியினருக்கு. 1932-இல் மன்னர் அப்துல் அசீஸ் தம் வெற்றிகளையெல்லாம் ஒன்றுகூட்டிச் சவூதி அரேபிய முடியரசை அறிவித்தபோதும் அந்தப் பழைய உடன்பாடே அடித்தளம். ஆறே ஆண்டுகளில், 1938-இல், தம்மாமில் எண்ணெய் பீறிட்டது. ஒட்டகத்தின் நாடு மோட்டாரின் நாடாயிற்று.

தொலைபேசியையும் வானொலியையும் சாத்தானின் வேலையென மதகுருமார் சிலர் ஐயுற்றனராம். அக்கருவி வழியாகவே திருமறையை ஓதச் செய்து மன்னர் அவர்களை அடக்கினாராம். அங்கு வழங்கும் இக்கதை சிரிப்பதற்கு மட்டுமன்று, சிந்திப்பதற்கும் உரியது. கருவி நல்லதா, தீயதா என்பதை முடிவு செய்தது அறிவா? இல்லை. மதத்தின் முத்திரை கிடைத்த பின்னரே கருவிக்கு இடம் கிடைத்தது!

ஃபைசல் காலத்து நிகழ்ச்சிகளும் இதையே காட்டுகின்றன. 1960-இல் அரசு பெண்களுக்குப் பள்ளிகளைத் திறந்தது. புரைதா நகரத்தார் எதிர்த்தபோதும் அரசு பின்வாங்கவில்லை, நல்ல செயல். 1962-இல் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது. அதனினும் நல்ல செயல். ஆனால், பெண்கல்வியின் நிர்வாகம் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? மதகுருமாரிடம்! 2002 மார்ச்சில் மக்காவின் பெண்கள் பள்ளி ஒன்று தீப்பற்றி 15 மாணவியர் மாண்டனர். முக்காடும் மேலங்கியும் இன்றி வெளியேற முயன்ற சிறுமியரைச் சமயக் காவலர் தடுத்தனர் எனச் சவூதி நாளேடுகளே எழுதின, அரசு மறுத்தது. ஆயினும், அவ்வாண்டிலேயே பெண்கல்வி மதகுருமார் கையிலிருந்து கல்வி அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்யாத மாற்றத்திற்குப் பதினைந்து பிஞ்சுயிர்கள் விலையாயின.

இடையில், 1979 நவம்பர் 20-இல், ஆயுதமேந்திய கூட்டமொன்று மக்காவின் பெரிய பள்ளிவாசலைக் கைப்பற்றியது. இரு வாரப் போருக்குப் பின் அரசு அதனை மீட்டது. மீட்ட அரசு செய்ததென்ன? கிளர்ச்சிக்காரரின் தலையை வாங்கிற்று. அவர்கள் விரும்பிய கட்டுப்பாட்டையோ நாட்டின் மீது சுமத்திற்று. திரையரங்குகள் மூடுண்டன; சமயக் காவலரின் கை ஓங்கிற்று; பெண்ணின் உலகம் மேலும் சுருங்கிற்று. அரியணை அசையும்போதெல்லாம் அதற்கு முட்டுக் கொடுக்கப் பெண்ணுரிமையையே வெட்டி எடுத்தனர்.

1990 நவம்பரில் ரியாத் நகரத் தெருக்களில் 47 பெண்கள் துணிந்து காரோட்டினர். பழியும் வேலையிழப்பும் அவர்களுக்குப் பரிசாயின. 2018 ஜூனில் அரசே அத்தடையை நீக்கியது. அவ்வாண்டில் திரையரங்கும் திறந்தது. மகிழ்கிறோம். ஆனால் தடை நீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், அவ்வுரிமையைக் கேட்டுப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் முதலான பெண்கள் சிறைப்பட்டனர். என்னே விந்தை! கொடுத்தவர் மன்னர் என்பது நிலைக்க வேண்டும். கேட்டவர் மக்கள் என்பது மறைய வேண்டும். 2021 பிப்ரவரியில்தான் லுஜைன் வெளிவந்தார்.

இது இசுலாத்தின் இயல்பு என்று எவரேனும் கூறுவாராயின் அவர் வரலாறு அறியாதவர். நம் நாட்டின் போபால் அரசை 1819 முதல் 1926 வரை பெரும்பாலும் முஸ்லிம் பெண்களே ஆண்டனர். அவர்களுள் இறுதியானவரான சுல்தான் ஜஹான் பேகம் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர். ஒரே மதம், ஒரே மறை. ஓரிடத்தில் பெண் நாட்டையே ஆண்டாள். மற்றோரிடத்தில் காரோட்டவும் தகாதவளானாள். தடுத்தது மறையா, அதை விளக்கும் உரிமையைத் தமதாக்கிக் கொண்டவர்களா?

புதுமை பூண்ட அந்த நாட்டில் ஏழைக்கு என்ன நேர்ந்தது? ஈழத்தின் மூதூரிலிருந்து வீட்டுவேலைக்குச் சென்ற தமிழ் பேசும் முஸ்லிம் சிறுமி ரிசானா நஃபீக். பிறப்புச் சான்றின்படி அவளுக்கு வயது 17. வேலைக்காகத் தரப்பட்ட கடவுச்சீட்டிலோ 23. 2005-இல் அவள் பால் புகட்டிய கைக்குழந்தை இறந்தது. மூச்சுத் திணறி இறந்தது என்றாள் அவள்; கொலை என்றது நீதிமன்றம். விசாரணையின் தொடக்கத்தில் அவளுக்காக வாதாட வழக்கறிஞர் இல்லை; அவள் மொழியைச் செவ்வனே பெயர்த்துரைக்கத் தக்காரும் இல்லை. உலகமே மன்றாடியும் 2013 ஜனவரி 9-இல் அவள் தலை துண்டிக்கப்பட்டது. அந்நாட்டின் விமான நிலையங்களிலும் சாலைகளிலும் காணும் ஒளி அவள் நின்ற நீதிமன்றத்தை எட்டவில்லையே!

பிறர் மதத்தை எள்ளி நகையாட இதை எழுதவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தெய்வத்தின் பெயரால் காத்தவர்கள் நம்மிடையே இருந்தனர். 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதனை ஒழிக்கும் மசோதாவைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அக்கொடுமையில் சிக்கி மீண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊரூராய்ச் சென்று முழங்கினார். 1947-இல் சட்டம் வந்தது. பதினேழு ஆண்டுகள் ஆயின. ஆனால் எதிர்ப்போரும் பேசினர், ஆதரிப்போரும் பேசினர். மக்கள் கேட்டனர், மனம் மாறினர். அப்படி வந்த சட்டத்தைத் திரும்பப் பெற எவரும் துணியார். மன்னர் இட்ட பிச்சையாக வந்த உரிமையையோ நாளை வேறொரு மன்னர் பிடுங்கலாம், கேட்க நாதியிராது.

கடல் கடந்து செல்லும் தோழர்கள் பணத்தோடு இக்கேள்வியையும் கொண்டு வரட்டும். ஊரில் இருக்கும் நாமோ, நம் தெருவுக்குப் புதிய சாலை வந்ததா என்று கேட்கும்போதெல்லாம், அச்சாலையில் நம் தங்கை அச்சமின்றி நடக்கிறாளா என்றும் சேர்த்தே கேட்போம்.