சுட்டியும் விரலும்
இணைய அஞ்சல் கண்ட மாற்றம்

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர், ஓலை பொத்துப் போகும் என அஞ்சி, மெய்யெழுத்துக்குரிய புள்ளியைப் பெரும்பாலும் வைக்காது விட்டனர். கருவி மாறினால் எழுத்தின் வடிவமும் மாறும் என்பதற்கு அது சான்று. இவ்வுண்மையை மின்னஞ்சல் உலகம் நம் கண்முன்னேயே, சற்றுக் காலந்தாழ்த்தி, உணர்ந்தது.

தொடுதிரை நேற்றுத் தோன்றியதன்று. 1965ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் ஈ. ஏ. ஜான்சன் என்பார் அதனை விளக்கி எழுதினார். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் சுட்டியைப் பலரறியக் காட்டினார். இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதினவாயினும், மேசைக் கணினியில் இடம் பெற்றது சுட்டியே.

1971இல் ரே டாம்லின்சன் வலையமைப்பின் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். 1996 ஜூலை 4ஆம் நாள் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினர். உலாவி உள்ள எந்தக் கணினியிலும் மடல் படிக்கலாம் என்ற நிலை பரவிற்று. 2004 ஏப்ரல் 1ஆம் நாள் ஒரு கிகாபைட் இடத்துடன் ஜிமெயில் வந்தது.

இப்பக்கங்கள் யாவும் சுட்டியை மனத்திற்கொண்டே அமைக்கப்பட்டன. அம்பின் நுனி கூர்மையானது. ஆதலால் பொத்தான்களைச் சிறிதாக நெருக்கி வைத்தனர். சுட்டியை ஓரிடத்தின்மேல் நிறுத்தினாலே விளக்கம் தோன்றும். வலப்பொத்தானை அழுத்தினால் வேறொரு பட்டியல் விரியும். மடலை இழுத்துச் சென்று கோப்புறையில் இடலாம்.

2010 ஏப்ரல் 3ஆம் நாள் ஐபேட் விற்பனைக்கு வந்ததும் குறை வெளிப்பட்டது. விரலுக்குக் கூர்நுனி இல்லை; தான் தொட வேண்டிய பொத்தானைத் தானே மறைத்து விடுகிறது. 'பதிலிடு' என்பதைத் தொடப்போய் 'அழி' என்பதைத் தொடுவோர் பலர். திரைமேல் விரலைத் தொடாது நிறுத்தினால் கருவி அறியாது. எனவே சுட்டிக்கென ஒளித்து வைத்தவை விரலுக்கு இல்லாதவையே ஆயின. மடலை இழுத்தால் பக்கமே நகர்ந்தது. இரண்டாம் முறையும் தட்டுவாரோ என அறிய உலாவி ஏறத்தாழ 300 மில்லிவினாடி காத்திருந்ததால், ஒவ்வொரு தொடுகையும் தயங்கியே பயன் தந்தது.

எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் இது தீருமா? தீராது. பக்கத்தின் அமைப்பே மாற வேண்டும். 2010 மே மாதத்தில் ஈத்தன் மார்க்கட், திரையின் அகலத்திற்கேற்பத் தானே மாறியமையும் பக்கம் என்னும் கருத்தை எழுதினார். ஜிமெயில் அதற்குச் சற்று முன்னரே ஐபேடுக்கென இடப்புறம் பட்டியலும் வலப்புறம் மடலுமாக ஒரு வடிவை அளித்தது. ஆனால் எல்லா நிறுவனத்திற்கும் அத்தகைய வளமில்லை. தாமஸ் புரூடெர்லி 2005இல் தொடங்கிய ரவுண்ட்கியூப் என்னும் கட்டற்ற இணைய அஞ்சல், பல கல்லூரிகளிலும் சிறு நிறுவனங்களிலும் வழங்குவது. கைப்பேசி, பலகைக் கணினி, மேசைக் கணினி ஆகிய மூன்றிற்கும் பொருந்தும் 'எலாஸ்டிக்' தோற்றம் அதற்கு 2019 நவம்பரில்தான், 1.4 பதிப்பில், கிடைத்தது. சிறுதிரையில் பட்டியல், மடல் என ஒரு நேரத்தில் ஒரு பகுதியையே அது காட்டும். ஐபேட் வந்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன!

அளவும் வரையறுக்கப்பட்டது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018இல் வெளியிட்ட அணுகல் நெறிகள், தொடும் இடம் 44 படப்புள்ளியேனும் இருத்தலை உயர்படியாகக் கூறின. 2023இல் வந்த நெறிகள் 24 படப்புள்ளியை அதற்கு அடுத்த படியிலேயே வேண்டின. கை நடுங்கும் முதியோர்க்கு இஃது உரிமை போன்றது.

பல இல்லங்களில் கைப்பேசியோ பலகைக் கணினியோதான் ஒரே கணினி. 2020 மார்ச் 18ஆம் நாள் நம் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, பாடமும் அறிவிப்பும் அதன் வழியே வீடு சேர்ந்தன. மடலைத் திறக்க இயலாத தாய் "எனக்குத்தான் படிப்பில்லை" என்று தன்னையே நொந்து கொள்கிறாள். மாணவன் கைக்கு அடங்காத எழுதுகோலைக் கொடுத்துவிட்டு, அவன் கையெழுத்தைப் பழிக்கும் ஆசிரியர் உண்டோ? குறை அவள் கல்வியிலன்று. வேறொரு கருவிக்கென வகுத்த பக்கத்தை அவள் விரலுக்கு நீட்டியதில் உள்ளது. இதனை அவளுக்கு எடுத்துச் சொல்வதும் கற்பித்தலின் ஒரு பகுதியே ஆகும்.