கப்பல்கள் எதற்காகப் புறப்பட்டன?

ஐரோப்பியர் ஏன் கடல்வழி தேடிக் கிளம்பினார்கள்? பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த விடை ஒன்று உண்டு. 1453இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றினர். மிளகு வரும் வழி அடைபட்டது. அதனால் புதிய வழி தேவைப்பட்டது. இரண்டு மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இந்த விடை நிற்காது.

போர்த்துகீசியர் வட ஆப்பிரிக்காவின் சியூட்டா துறைமுகத்தைப் பிடித்தது 1415இல். பொஜதோர் முனையைக் கடந்தது 1434இல். இரண்டுமே 1453க்கு முந்தியவை. அந்த ஆண்டுக்குப் பிறகும் வெனிஸ் வணிகர்கள் அலெக்சாந்திரியாவில் மிளகு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். முதல் கப்பல்களை இழுத்தது, சகாராவைத் தாண்டி ஒட்டகங்களில் வந்த மேற்கு ஆப்பிரிக்கத் தங்கம். இடையிலிருந்த முஸ்லிம் வணிகர்களைத் தவிர்த்துவிட்டு, அது வரும் நாட்டுக்கே போய்ச்சேர நினைத்தார்கள். சிலுவைப்போர் வெறியும், பிரபுக் குடும்பத்து இளைய மகன்களின் புகழாசையும் அதோடு சேர்ந்துகொண்டன.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் போர்த்துகல் அரசவையின் வரலாற்றாசிரியர் சுராரா. சியூட்டாவுக்குப் படை புறப்படும் தறுவாயில் அரசி பிலிப்பா கொள்ளைநோயில் இறந்துபோனார். மரணப் படுக்கையில் தன் மூத்த மகன்கள் மூவருக்கும் அவர் வாள் கொடுத்ததாகச் சுராரா சொல்கிறார். ஆக, இந்த வரலாற்றில் பெண்ணுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. மகன்களுக்கு வாள் எடுத்துக்கொடுக்கும் தாய்க்கு இடம் உண்டு. அவளுக்குப் பெயரும் உண்டு.

1441இல் சகாராவின் மேற்குக் கரையில் இறங்கிய போர்த்துகீசியர் முதலில் பிடித்தது ஓர் ஆணையும் ஒரு கறுப்பினப் பெண்ணையும். அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. அதே பயணத்தில் பின்னர் சிக்கிய உயர்குடி ஆண் ஒருவரின் பெயர் அதாகு என்று பதிவாகியிருக்கிறது. அவரை மீட்கப் பணயமாகக் கொடுக்க ஆள் இருந்தது. அவளுக்காகப் பேரம் பேச யாரும் வந்ததாகச் செய்தி இல்லை.

1444 ஆகஸ்டு 8. போர்த்துகலின் லாகோஸ் நகரத்துக்கு வெளியே ஒரு திடல். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்துவரப்பட்ட 235 பேரைப் பங்குபோடுகிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு இளவரசர் ஹென்றிக்கு. பாடப்புத்தகத்தில் 'மாலுமி ஹென்றி' என்று நாம் படித்தவர் இவர்தான். குதிரைமேல் அமர்ந்து அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாகப் பிரிக்கப்படும்போது, தாய்மார்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தரையில் குப்புற விழுகிறார்கள். அடி தங்கள்மேல் விழட்டும், பிள்ளை கைவிட்டுப் போகாதிருக்கட்டும் என்று கிடக்கிறார்கள். இதைக் கண்டு கண்ணீர் வந்ததாகச் சுராரா எழுதுகிறார். கூடவே, இவர்களின் ஆன்மா மீட்கப்படுவதை நினைத்து இளவரசர் மகிழ்ந்தார் என்றும் எழுதுகிறார்.

நம் புத்தகங்களில் 'கண்டுபிடிப்புகளின் காரணங்கள்' ஒரு பாடம். அடிமை வணிகம் அதற்கு அப்புறம் வரும் 'விளைவுகள்'. சுராராவே தரும் செய்தி வேறு. ஹென்றியின் பயணங்கள் வீண்செலவு என்று முணுமுணுத்தவர்கள், மனிதர்களை ஏற்றிய கப்பல்கள் திரும்பிவந்த பிறகு அவரைப் புகழத் தொடங்கினார்கள். லாபம் கண்ணில் பட்டதும் தாமாகவே கப்பல் அனுப்ப முன்வந்தார்கள். அடுத்தடுத்த பயணங்களுக்கு ஆளும் பணமும் திரண்டது இப்படித்தான். திடலில் விழுந்து கிடந்த அந்தப் பெண்களை விளைவுகளின் பட்டியலில் மட்டும் சேர்ப்பது சரியல்ல. அவர்களை விற்ற பணம் காரணங்களில் ஒன்று.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். அதற்குள் இந்தக் கடல்வழிக்கு அரை நூற்றாண்டு வயதாகியிருந்தது. மனிதரைப் பிடிப்பதும் பிரிப்பதும் விற்பதும் பழகிப்போயிருந்தன.

லாகோஸ் காட்சி இடம்பெறும் நூலைச் சுராரா முடித்ததாகக் குறிப்பிடுவது 1453 பிப்ரவரியில். கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்தது அதே ஆண்டு மே மாதம். பாடப்புத்தகம் காரணம் பிறந்ததாகச் சொல்லும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே அந்தத் தாய்மார்களின் கதை எழுதி முடிக்கப்பட்டிருந்தது.