புனித அந்திரேயா பேராலயம், சிங்கப்பூர்

புனித அந்திரேயா பேராலயம் என்பது சிங்கப்பூரில் அமைந்துள்ள ஆங்கிலிக்கன் பேராலயம் ஆகும். இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுப்பப்பட்ட இக்கட்டடம், இரண்டாம் உலகப் போரில் 1942 பெப்ரவரி மாதம் சிங்கப்பூர் வீழ்வதற்கு முந்தைய நாட்களில் அவசரகால மருத்துவமனையாகப் பயன்பட்டது.

வரலாறு

இவ்விடத்தில் இருந்த முதல் தேவாலயம் ஜார்ஜ் கோல்மன் என்பவரின் வடிவமைப்பில் 1830களில் கட்டப்பட்டது. இதற்குப் பொருளுதவி செய்த ஸ்காட்லாந்து வணிகர்களின் நாட்டுப் புனிதரான அந்திரேயாவின் பெயர் இதற்கு இடப்பட்டது. 1845, 1849 ஆகிய ஆண்டுகளில் இடி தாக்கியதால் 1852 இல் மூடப்பட்டு, 1855 இல் இடிக்கப்பட்டது.

தற்போதைய கட்டடத்திற்குக் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1856 மார்ச் 4 அன்று அடிக்கல் நாட்டினார். கர்னல் ரொனால்ட் மக்பெர்சன் இதனை வடிவமைத்தார். 1861 அக்டோபரில் முதல் ஆராதனை நடைபெற்றது. 1862 ஜனவரி 25 அன்று கோவில் பிரதிட்டை செய்யப்பட்டது. 1870 இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது.

கட்டட அமைப்பு

இது கோதிக் பாணியில் அமைந்தது. இதன் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 63 மீட்டர். அக்காலத்தில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் சிங்கப்பூரின் சாலைகளையும் அரசுக் கட்டடங்களையும் அமைத்தனர். இக்கோவிலையும் அவர்களே கட்டினர். சுவர்களுக்கு 'மதராஸ் சுனாம்' எனப்பட்ட சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து இச்சாந்து ஆக்கப்பட்டது. பூச்சு உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகூட்டினர். செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்களும் இதையொத்த முறையில் அமைந்தவையே.

இரண்டாம் உலகப் போரில்

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர் மீது முதன்முதலில் குண்டு வீசின. 1942 பெப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படைகள் ஜொகூர் நீரிணையைக் கடந்து தீவில் இறங்கின. பிரித்தானிய, ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் நகரை நோக்கிப் பின்வாங்கினர். மலாயாவிலிருந்து வந்த அகதிகளால் நகரம் முன்னரே நிரம்பியிருந்தது. குண்டுவீச்சிலும் பீரங்கித் தாக்குதலிலும் காயமுற்றோரை ஏற்க மருத்துவமனைகளில் இடம் போதவில்லை. எனவே நகர மையத்தில் இருந்த பெரிய கட்டடங்கள் மருத்துவமனைகளாக மாற்றப்பட்டன. புனித அந்திரேயா பேராலயத்துடன், கத்தோலிக்கரின் நல்ல மேய்ப்பர் பேராலயமும் விக்டோரியா நினைவு மண்டபமும் இவ்வாறு பயன்பட்டன.

மருத்துவமனை என்பது பாதுகாப்பான இடமாகவும் இருக்கவில்லை. பெப்ரவரி 14 அன்று அலெக்சாந்திரா இராணுவ மருத்துவமனைக்குள் புகுந்த ஜப்பானியப் படையினர் நோயாளிகளையும் பணியாளர்களையும் கொன்றனர். மறுநாள், பெப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, பிரித்தானியப் படை சரணடைந்தது.

ஆக்கிரமிப்புக் காலம்

பேராயர் லெனார்டு வில்சன் உடனடியாகச் சிறை வைக்கப்படவில்லை. ஆங்கிலிக்கன் கிறித்தவரான ஜப்பானிய அதிகாரி அந்திரேயா ஒகாவா உதவியதால், அவர் 1943 மார்ச் வரை திருப்பணியைத் தொடர்ந்தார். பின்னர் சாங்கியில் அடைக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கெம்பெய்தாய் எனப்பட்ட இராணுவக் காவற்படை அவரை உளவுக் குற்றம் சாட்டிச் சித்திரவதை செய்தது. ஐரோப்பியக் குருமார் அடைக்கப்பட்டபின் திருச்சபைப் பணி ஆசியக் குருமாரின் பொறுப்பானது. டி. டி. செல்லையா, ஜான் ஹேண்டி, சீனரான யிப் சோ சாங் ஆகியோர் அதனை நடத்தினர்.

போருக்குப் பின்னர், தம்மைச் சித்திரவதை செய்தோருள் ஒருவருக்கு வில்சன் தம் கையாலேயே திடப்படுத்தல் அளித்தார்.

பிற்காலம்

போரில் இறந்தோர் நினைவாக 1952 இல் பேராலயத்துடன் ஒரு நினைவு மண்டபம் இணைக்கப்பட்டது. 1973 ஜூன் 28 அன்று பேராலயம் சிங்கப்பூரின் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் இங்கு வழிபாடு நடைபெறுகிறது.