வரலாற்றாசிரியருக்கு நாம் செலுத்தும் நன்றி

ஆசிரியர் ஒருவர் பணி நிறைவு பெறும்போது விழா எடுப்பது நம்மிடையே நிலைத்துவிட்ட நல்ல வழக்கம். மாலை அணிவிக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், வசதியிருந்தால் மலர் ஒன்றும் வெளியிடுகிறோம். மாலை மறுநாளே வாடிவிடுகிறது. மலரோ சில ஆண்டுகள் அலமாரியில் இருக்கிறது. வரலாறு கற்பித்த ஒருவருக்கு இவற்றைவிட நீடித்த மரியாதை எது என்பதை, சிதம்பரத்தோடு தொடர்புடைய பேரறிஞர் ஒருவரை முன்வைத்துச் சிந்திப்பது பொருத்தமாக இருக்கும்.

அண்ணாமலைச் செட்டியார் 1920ஆம் ஆண்டு சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். 1929இல் மலர்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு வித்து அதுவே. அக்கல்லூரியின் தொடக்க ஆண்டுகளில் முதல்வராக விளங்கியவர், கல்லிடைக்குறிச்சியில் 1892இல் பிறந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுப் பேராசிரியராக அமர்ந்து, சோழர் வரலாற்றையும் தென்னிந்திய வரலாற்றையும் எழுதினார். முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1957 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் சென்னையில் மரபுப் பண்பாட்டு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகப் பணிபுரிந்தார். அவருடைய எண்பதாம் அகவையையொட்டி 1971இல் அறிஞர் பலர் கூடிப் பாராட்டு மலர் வெளியிட்டனர். 1975இல் அவர் மறைந்தார்.

இப்பெரியாரை முஸ்லிம் குடும்பங்களாகிய நாம் நினைவுகூரத் தனிக் காரணமும் உண்டு. 1939இல் அவர் தொகுத்து வெளியிட்ட நூலொன்று, தென்னிந்தியாவைப் பற்றி அயல்நாட்டார் எழுதிய குறிப்புகளைக் கொண்டது. மெகஸ்தனிஸில் தொடங்கி மாஹுவானில் முடிகிறது அது. அந்த மாஹுவான், கடற்படைத் தலைவர் செங் ஹோவுடன் கப்பலேறிய சீன முஸ்லிம். அரபு வணிகர் சுலைமானும், மஅபர் கரையில் இறங்கி மதுரை சுல்தானைக் கண்ட இப்னு பதூதாவும் அந்நூலில் சாட்சிகளாக நிற்கின்றனர். கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் சொல்லாமல் விட்டதைக் கடல்வழி வந்தவர்களின் எழுத்து சொல்லக்கூடும் என்பதை அவர் மாணவர்களுக்கு உணர்த்தினார். எந்த ஒரு சான்றையும் தனியே நம்பாமல், பலவற்றையும் ஒப்புநோக்கி முடிவு காண்பதே அவர் கற்பித்த நெறி.

அந்நெறி வட்டார வரலாற்றுக்கும் பயன்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த சி. எஸ். சீனிவாசாச்சாரியார், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் செஞ்சியைப் பற்றி எழுதிய விரிவான நூலை அப்பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது. செஞ்சியின் கதை கடலூரின் கதையும் ஆகும். செஞ்சியில் மராட்டியர் ஆண்ட காலத்தில், 1690ஆம் ஆண்டு, ஆங்கிலக் கம்பெனி கடலூரை அடுத்த கோட்டையை அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலமும் அவ்விலையில் அடங்கிற்று. அவ்வாறு சேர்ந்த ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப் பெயர் பெற்றன. அக்கோட்டையே புனித டேவிட் கோட்டை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபோது, கம்பெனியின் தலைமையிடமாக விளங்கியதும் அதுவே.

கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் செல்லும் வழியில், வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்பது அதன் மற்றொரு பெயர். நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கடல் வாணிகம் செய்து வாழ்ந்த துறைமுகம் அது. 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மோதியது அங்கேதான். 1830ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை தொடங்கியதும் அவ்வூரிலேயே.

இச்செய்திகள் அனைத்தும் நமக்கு எவ்வாறு தெரிய வந்தன? பெரும்பாலும் கம்பெனியார் எழுதிவைத்த கடிதங்களாலும் கணக்குகளாலுமே. தளபதியின் கடிதம் படையின் நிலையைச் சொல்லும். அன்று அவ்வூரில் எத்தனை வீடுகளில் அடுப்பெரிந்தது என்று சொல்வது அதன் வேலையன்று. வணிக நிறுவனத்தின் ஏடு சரக்கின் விலையைச் சொல்லும். கப்பலில் சென்ற மகனுக்காகக் காத்திருந்த தாயைப் பற்றிச் சொல்லாது. கோயிற் சுவர்க் கல்வெட்டுகளிலோ நம்மவர் பெயர் அரிதாகவே தென்படும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்றில் வரும் ‘சோனகன் சாவூர்’ என்னும் பெயரை ஆய்வாளர்கள் இன்றும் போற்றி எடுத்துக்காட்டுவது அந்த அருமை கருதியே.

அவ்வாறாயின், கடற்கரை முஸ்லிம்களின் வரலாற்றுக்குரிய சான்றுகள் எங்கே இருக்கின்றன? நம் பள்ளிவாசல்களின் நிக்காஹ் பதிவேடுகளில் இருக்கின்றன. மையவாடியின் மீசான் கற்களில் இருக்கின்றன. பாட்டிமார் ஓதிய அரபுத் தமிழ் ஏடுகளில் இருக்கின்றன. பரண்மேல் கிடக்கும் கப்பல் கணக்குகளிலும், பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த கடிதங்களிலும் இருக்கின்றன. இவை அரசு ஆவணக் களரியில் கிடைப்பவை அல்ல. வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போய்விட்டால், அவற்றுக்கு வேறு படியும் இல்லை.

கடலூர்க் கரைக்கு மற்றோர் அச்சமும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறியது. 2015இல் பெருவெள்ளம் சூழ்ந்தது. பதினோராண்டுக்குள் மூன்று பேரிடர்கள்! உயிரையும் உடைமையையும் காக்கப் போராடும் வேளையில் பரண்மேல் இருக்கும் காகிதக் கட்டை யார் நினைப்பார்? ஆகவே, வானம் தெளிந்திருக்கும் நாளிலேயே அதனை எண்ண வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை எளியவை. வீட்டிலுள்ள பழைய ஏட்டையும் கடிதத்தையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, இரண்டு இடங்களில் வைக்கலாம். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எந்த ஆண்டு என்பவற்றை அறிந்த முதியவர் உள்ளபோதே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மீசான் கல்லில் எழுத்து மங்கும் முன் படியெடுக்கலாம். ஹிஜ்ரி ஆண்டு இருந்தால் அதை அவ்வாறே எழுதி, அருகில் ஆங்கில ஆண்டையும் குறிக்கலாம். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவரிடம் பேரப்பிள்ளைகளை ஒரு மாதம் அமரச் செய்யலாம். படிகளில் ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தால், நாளைய ஆய்வாளர் நம் வீட்டுக் கதவைத் தட்டாமலே நம் முன்னோரைச் சந்திப்பார்.

நீலகண்ட சாஸ்திரியார் நம் பயணிகளின் எழுத்தைத் தேடித் தொகுத்துத் தமிழக வரலாற்றில் சேர்த்தார். கரையில் வாழ்ந்தவர்களின் எழுத்தைச் சேர்க்கும் பொறுப்பு நம்முடையது. இனி நம்மூரில் வரலாற்றாசிரியர் எவரேனும் பணி நிறைவு பெற்றால், பொன்னாடையோடு ஒரு பழைய ஏட்டின் படியையும் அவர் கையில் கொடுப்போம். ஓய்வுக்குப் பின்னும் அவருக்கு வேலை இருக்கிறது என்று காட்டுவதைவிட அவரை மகிழ்விக்கும் பரிசு வேறில்லை.