உப்புக் கரையும் கணக்கு

கற்பிட்டியில் பிறந்த எமக்கு உப்பை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1667 முதல் 1676 வரை இங்கே கோட்டை கட்டிய ஒல்லாந்தர், களப்பு வழியாகக் கண்டி இராச்சியத்துக்குப் போன பொருள்களைத் தம் பிடிக்குள் வைத்திருந்தனர். உப்பு அவற்றுள் முக்கியமானது. இன்றும் பாலாவி உப்பளங்களைக் கண்டதும் ஊர் வந்துவிட்டதாக எமக்கு மனம் நிறையும். ஆனால் அந்த உப்பு நீரில் கரையும்போது வெப்பத்துக்கு என்ன ஆகிறது என்பதை நாம் உயர்தர வகுப்பில்தான் கற்றோம். அதற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

சில உப்புகள் கரையும்போது நீர் குளிரும் என்பதை நம் பகுதி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். அக்பரின் அரண்மனையில் குடிநீரைக் குளிர்வித்த முறையை அபுல் பஸ்ல் தமது அயினி அக்பரி நூலில் எழுதி வைத்துள்ளார். நீர் நிரப்பி வாய் மூடிய குடுவையை, இரண்டரை சேர் வெடியுப்பும் ஐந்து சேர் நீரும் கலந்த பாத்திரத்தினுள் கால் மணி நேரம் சுழற்றுவார்கள். வெடிமருந்துக்கான உப்பு தாகம் தீர்க்கவும் உதவியது.

அந்தக் குளிர்ச்சி எண்ணாக மாற மேலும் காலம் எடுத்தது. ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பணியாற்றிய ஜெர்மைன் ஹெஸ், 1840 இல் தமது விதியை வெளியிட்டார். தொடக்கமும் முடிவும் ஒன்றானால், இடையில் எந்த வழியாகச் சென்றாலும் மொத்த வெப்பமாற்றம் ஒன்றே என்பது அதன் சாரம். உப்பின் கணக்கும் இதற்குள் அடங்கும். கறியுப்பின் பளிங்கைப் பிரிக்க ஒரு மூலுக்குச் சுமார் 787 கிலோயூல் தேவை. பிரிந்த அயன்களை நீர் சூழும்போது ஏறத்தாழ அதே அளவு வெப்பம் திரும்பக் கிடைக்கிறது. குறைவது 4 கிலோயூல் அளவே. அதை நீரே கொடுத்துக் குளிர்கிறது. வெடியுப்புக்கு இக்குறை சுமார் 35 கிலோயூல்.

எமது ஆய்வுகூடத்தில் இதற்கு ஒரு றெஜிபோம் கோப்பையும் ஒரு வெப்பமானியும் போதுமாயிருந்தன. 100 மில்லிலீற்றர் நீரில் 10 கிராம் அமோனியங் குளோரைட்டு கரைந்தபோது வெப்பநிலை 6 பாகை அளவு இறங்கியது. நீரற்ற கல்சியங் குளோரைட்டு 16 பாகை அளவு ஏற்றியது. எம் ஊர் உப்போ ஒன்றரைப் பாகைகூடச் சரியாக இறங்கவில்லை. எமக்கு ஏமாற்றம். "கண்டதை எழுதுங்கோ பிள்ளையள்" என்றார் ஆசிரியை. பின்னாளில் நோயாளியின் வெப்பமானியைப் பார்க்கும்போதெல்லாம் எம்முடன் வந்த சொல் அது.

அந்தச் சிறு இறக்கம் சொல்லும் செய்தியும் சிறியதன்று. ஒரு லீற்றர் கடல்நீரில் கறியுப்பு சுமார் 27 கிராம். ஒரு கிலோ எடுக்க 37 லீற்றர் ஆவியாக வேண்டும். அதற்கு வெயில் தரும் வெப்பம் ஏறத்தாழ 87,000 கிலோயூல். அதே ஒரு கிலோவைத் திரும்பக் கரைக்க 67 கிலோயூல் போதும். ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! உப்பளத்து வெயில் முழுவதும் நீரை அகற்றவே செலவாகிறது.

விஞ்ஞானப் பிரிவு படிப்பதற்காக ஊரைவிட்டுப் போன பெண் பிள்ளைகள் எம் கரையில் பலர். போக முடியாமல் நின்றவர்கள் அதைவிடப் பலர். இக்கணக்கை மனனம் செய்து பரீட்சை எழுதலாம். ஆனால் தன் கையிலுள்ள கோப்பை குளிர்வதை உணர்ந்த பிள்ளைக்கு விஞ்ஞானம் தன்னுடையதாகிறது. அதற்கு வேண்டியவை ஒரு தராசும் சில வெப்பமானிகளும்தான். எங்கிருந்து இம்மலரைப் படித்தாலும், நூற்றாண்டு காணும் எமது பாடசாலையின் ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு வெப்பமானி இருக்க வழி செய்வோம், தோழியரே.